மெஷினுக்கு அடியில் தெரிந்த கால்

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். 2008 ரமலானில் நான் நொறுங்கிப் போயிருந்தேன். தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், வரிசையாக மெஷின்கள் போட்ட ஒரு தையல் லைனுக்குச் சூப்பர்வைசர் வேலை. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து, பக்கத்து லைனை மூடிவிட்டார்கள். அடுத்தது எங்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும். என்னை நம்பி முப்பது பெண்கள். கணவரை இழந்த எனக்கும் அதுதான் சோறு. விடியலுக்கு முன் ஸஹர் நேரத்தில் தினமும் அழுது துஆ கேட்டேன். "யா அல்லாஹ், இந்த லைனைக் காப்பாற்று."

அந்த வாரம் பார்த்து முடிச்சூர் செல்வி சொதப்பினாள். லைனிலேயே நல்ல கை அவளுக்கு. அவள் தைத்த காலர் எல்லாம் கோணல். பிரித்துத் தைக்கவே ஆள் போதவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ண இன்னிக்கே அனுப்பிடுங்க. ஷிப்மென்ட் போகலன்னா உங்க லைன் கிடையாது."

நோன்புக் களைப்பு வேறு. அவள் மெஷின் முன்னால் போய் நின்றேன். "என்னடி, வேலை செய்ய இஷ்டமில்லையா?"

"இன்னாக்கா இப்போ? புடிக்கலன்னா தொரத்திடுங்க," என்றாள், முகத்தைக்கூடத் தூக்காமல்.

மற்ற மெஷின்கள் நின்றன. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. 'போடி வெளியே' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நபியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் அல்லவா? அது நினைவுக்கு வந்தது. ஸ்டூல் எதுவும் காலியில்லை. துண்டுத் துணிகளுக்கு நடுவே தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். அக்காவுக்கு மயக்கம் என்று ஒருத்தி தண்ணீர் எடுத்துவர ஓடினாள். நோன்பாளிக்குத் தண்ணீர்!

அப்போதுதான் மெஷினுக்கு அடியில் செல்வியின் கால் தெரிந்தது. வலது பாதம் வெந்து வீங்கி, சுற்றியிருந்த துணியை மீறிச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. பழக்கமில்லாத இடது காலால் பெடலை மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி செஞ்சது?"

"எங்க வூட்டுக்காரர்தாங்க்கா. கொதிக்கிற கஞ்சிய ஊத்திட்டாரு. லீவு கேட்டா வேலை பூடும்னு சொல்லல."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவள் மெஷினில் நானே உட்கார்ந்தேன். அன்று யாரையும் இருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஷிப்மென்ட் போனது. லைன் பிழைத்தது. செல்விக்கு இரண்டு கால்விரல்கள் போயின. புருஷனிடம் அவள் திரும்பவில்லை.

பெருநாள் முடிந்து பார்க்கப் போனபோது சொன்னாள்: "அன்னிக்கு நீங்க தொரத்தியிருந்தா வூட்டுக்குப் போயிருக்க மாட்டேங்க்கா. தண்டவாளத்துப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிக்கினுதான் வந்தேன்."

அடுத்த வருடம் என்னை ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அதற்கான பயிற்சியில் உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றி வகுப்பெடுத்தவர், "கோபம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "உட்காருவேன் சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான் லைனை மட்டும் கேட்டேன். அல்லாஹ் ஓர் உயிரையும் சேர்த்துக் கொடுத்தான். அதைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சகோதரிகளே, உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தால் அவர்களுக்காக அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, கோபம் வரும்போது உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டே இருந்திருந்தால் எனக்கு அந்தக் கால் தெரிந்திருக்காது.