ஒன்றுக்கு மூன்றாகப் போட்ட வைரஸ் காவல்

இலங்கையில் நிவித்திகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு என்னை வீடியோ அழைப்பில் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று எந்தக் கோளாறும் வரக்கூடாதென்று, ஏற்கெனவே வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்த எங்கள் கம்ப்யூட்டரில் கணவர் இன்னும் இரண்டைப் போட்டுவிட்டார்.

காலையில் அழைப்பைத் திறந்ததும் திரை உறைந்துவிட்டது. மவுஸ்கூட அசையவில்லை.

"கூடப் போட்டா நல்லதுன்னுதானே போட்டேன்" என்றார்.

"நல்லா இருந்ததுல ஏங்க கைய வச்சீங்க?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

தேர்வு நடத்துபவர்களுக்குப் போன் எடுத்துக் கெஞ்சினேன். கடைசி ஆளாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். த்ரீவீலரில் பஜாருக்கு ஓடி, இன்டர்நெட் வசதியுள்ள கம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து ஒருவழியாகப் பேசி முடித்தேன்.

பிறகு கம்ப்யூட்டரை அந்தக் கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், கொண்டுபோய்க் காட்டினோம். "மூணும் ஒரே நேரத்துல சோதிக்கப் போயி, ஒன்னையொன்னு வைரஸுன்னு நெனச்சித் தடுத்திருக்கு. ஒன்னு போதுங்க" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை. இப்போது ஒரே ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு அதைத் தவறாமல் அப்டேட் செய்கிறேன். புதிதாக எதையும் போடுவதற்கான பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.