அப்பா 'வராதே' என்று சொன்ன திங்கட்கிழமை

லோசலினே ஒருநாளும் தொலைபேசியை முதலில் வைக்கமாட்டாள். ஆக்லாந்திலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். மழை, விலைவாசி, அம்மாவின் முழங்கால் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகும், "சரி, வைக்கிறேன்" என்று நான் சொன்ன பிறகும், அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும்.

"வையேன்" என்பேன்.

"நீ வை" என்பாள்.

பல வருஷமாக இப்படித்தான். முதலில் இதைப் பாசம் என்று நினைத்தேன். பிறகு சோம்பல் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவள் என் அக்கா. எங்கள் வீடு தோங்கா தீவில் கோலோவாய் என்ற ஊரில், சர்ச்சுக்கு இரண்டு வீடு தள்ளி. அப்பா ஃபோலாவு மோவாலா வள்ளிக்கிழங்கு போடுகிறவர். அம்மா பாய் முடைவாள். அப்பா பிறந்தது வெஸ்லியன் சபையில். அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக அவளுடைய மோர்மன் சபைக்கு மாறினார். கட்டிக்கொண்ட பிறகு அம்மாவைவிடப் பெரிய மோர்மன் ஆகிவிட்டார். அவருடைய அக்கா, எங்கள் அனசெய்னி அத்தை, அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் டீத்தூளைத் தானே முடிந்துகொண்டு வருவாள்.

"டீகூடக் குடிக்காத ஜனம், சொர்க்கத்துக்குப் போய் காலையில எழுந்திருச்சு என்னடா பண்ணுவீங்க?" என்று அப்பாவைக் கேட்பாள்.

"உன்னைப் பத்திப் பேசிட்டு இருப்போம்க்கா" என்பார் அப்பா.

வெளியூர் போய் மதம் பரப்பும் ஊழியத்துக்கு அக்கா பெயர் கொடுத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எந்த ஊர் என்று அறிவிப்பு வந்த அன்று சபை முழுவதும் எங்கள் வீட்டில் கூடியது. அமெரிக்கா என்றார் ஒருவர், பிரிஸ்பேன் என்றார் இன்னொருவர். அப்பா வாசித்தார். ஹாபாய். எங்கள் தீவுக்கூட்டத்திலேயே, ஓர் இரவுக் கப்பல் பயணத் தூரம். அத்தைதான் முதலில் சிரித்தாள்.

"இங்கேருந்து கல்லெறிஞ்சா விழற இடம். அதுக்கா ரெண்டு பன்னியை அடிச்சீங்க?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மார்பில் கறுப்புப் பெயரட்டை குத்திக்கொண்டு கிளம்பியபோது அவள் லோசலினே இல்லை, சகோதரி மோவாலா. ஒன்றரை வருஷம் அந்தப் பெயர்தான்.

ஊழியத்தில் இருப்பவர்கள் திங்கட்கிழமை வீட்டுக்குப் பேசலாம். துணி துவைப்பதும் அன்றுதான். அதனால் அக்காவின் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் கொட்டும் சத்தம் இருக்கும். அவளுக்குத் துணையாகப் போட்டிருந்தது சகோதரி ஹார்வி என்ற அமெரிக்கப் பெண். இடாஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருப்பவர்களின் மகள். ஊழியத்தில் எங்கு போனாலும் இருவராகத்தான் போகவேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் தனியாக நிற்கக் கூடாது. விடியுமுன் எழுந்து இருவரும் வேதம் படிப்பார்கள். பிறகு வெயிலில் நடை. யார் வீட்டுக் கதவு திறக்கிறதோ அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். திறக்காத வீட்டில் களை பிடுங்கிக் கொடுப்பார்கள்.

"ஒரு கிழவர் இருக்கார்" என்றாள் ஒரு திங்கட்கிழமை. "எங்களைப் பார்த்தா, 'இயேசுவை வாசல்லயே விட்டுட்டு வாங்க, நீங்க மட்டும் சாப்பிடுங்க'ன்னு சொல்றார். ஹார்வி அதுக்கு, 'அவருக்கும் பசிக்குமே'ங்கறா. அவளோட தோங்கா மொழியில அதைக் கேட்கணும் நீங்க. கிழவர் சிரிச்சே செத்துப்போயிருப்பார்."

"கறி போட்டாரா?" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் முக்கியம்.

"சேம்பிலையில பொதிஞ்சு, தேங்காய்ப்பால் ஊத்தி. ரெண்டு வீட்ல சாப்பிட்டுட்டு மூணாவதா அங்கே போனோம். வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். இதை அழுத்திச் சொல்லவேண்டும். பிறகு நடந்ததை வைத்து அவளை யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள் என்று நினைப்பது சுலபம். அப்படி இல்லை. படுக்கையில் கிடந்த ஒரு விதவைக்குத் தினமும் தண்ணீர் சுமந்தாள், தலைசீவி விட்டாள். அந்தம்மா ஞானஸ்நானம் எடுக்கவே இல்லை. அக்கா அதைப் பற்றிக் குறைப்பட்டதும் இல்லை.

அவள் போய் ஒரு வருஷம் ஆனபோது அப்பாவின் சிறுநீரகம் கெட்டது. ஏற்கெனவே சர்க்கரைக்கு ஒரு கால் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஊழியத்தின் தலைவர் நல்ல மனிதர். அக்காவை அழைத்து, "போய்ப் பாத்துட்டு வா. வந்து மிச்சத்தை முடி. இல்லே, இருக்கணும்னா இரு. ஜெபம் பண்ணிட்டு, வீட்லயும் பேசிட்டு நீயே முடிவு பண்ணு. எப்பச் சொன்னாலும் கப்பல்ல இடம் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கூப்பிட்டபோது தண்ணீர்ச் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் ஊர்ச் சபையின் தலைவர் பிஷப் வைனிகோலோவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தலையில் எண்ணெய் வைத்து ஜெபிக்க வந்தவர்கள். நான் தொலைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா, நான் வரட்டுமா?"

அப்பா பிஷப்பைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன் எப்போதும் அப்படிச் செய்வார்.

"உன்னைக் கடவுளுக்குக் குடுத்தேன். குடுத்ததைப் பாதியில திருப்பி வாங்கற ஆள் நான் இல்லை."

பிஷப்பின் மனைவி வாய்விட்டு அழுதாள். பிஷப்பும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் அக்கா தலையாட்டினாள். "சரிப்பா" என்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் உபவாசம் இருப்போம். அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். அந்த ஞாயிறு பிஷப் அப்பாவின் வாக்கியத்தைச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அவர் மனைவி அதை முகநூலில் போட்டாள். சாயங்காலத்துக்குள் சால்ட் லேக்கில் இருக்கும் சித்தப்பா மகன்வரை போய்விட்டது. வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு விசுவாசமா!" என்றார்கள்.

அந்த வாரம்தான் அப்பா கப்பலைக் கேட்க ஆரம்பித்தார்.

"ஹாபாய்க் கப்பல் என்னைக்கு?"

"சனிக்கிழமைப்பா."

"கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடேன். வெளிச்சம் கண்ல அடிக்குது."

திருப்பிப் போட்டோம். இப்போது அவர் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் அதிகம்.

"அக்காவை வரச் சொல்லட்டுமாப்பா?" என்று நேராகவே கேட்டேன்.

"வாயை மூடு. ஊர் பூராப் பேசிட்டு இருக்கு."

ஹாபாயில் நடந்ததைப் பின்னால் ஹார்வி எனக்குச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை அக்கா பையைக் கட்டிவிட்டாள். தலைவரிடம் சொல்லிக் கப்பலில் இடமும் போட்டாகிவிட்டது. ஹார்வி வேறு இரு சகோதரிகளோடு தங்குவதாக ஏற்பாடு. இருவரும் பாங்காய் துறைக்கு வந்தார்கள். அங்கே அந்த ஊர்ச் சபைத் தலைவரின் மனைவி, சொந்தக்காரர்களுக்குக் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"சகோதரி மோவாலா! உங்க அப்பா சொன்னதைப் படிச்சதுலேருந்து எங்க வீட்ல வேற பேச்சே இல்லை. ஏய், இங்கே வா. இவங்க அப்பா என்ன சொன்னாரு? சொல்லு."

அவள் மகள், ஆறேழு வயதுக் குழந்தை, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

"கடவுளுக்குக் குடுத்ததைப் பாதியில திருப்பி வாங்கமாட்டேன்."

"கேட்டீங்களா! ஆமா, யாரை வழியனுப்ப வந்தீங்க?"

அக்கா கையிலிருந்த பையைப் பார்த்தாளாம். "யாரையும் இல்லை. இந்தப் பையை அனுப்ப வந்தேன். அம்மாவுக்கு."

கப்பல் ஆளிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். "நான் எதுவும் கேட்கலை" என்றாள் ஹார்வி. "வழியில அந்த விதவையம்மா வீடு வந்துச்சு. உள்ளே போய் அவங்களுக்குத் தலை சீவிவிட்டா."

சனிக்கிழமை மாமா துறையிலிருந்து பையைக் கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்தார். அப்பா ரோட்டையே பார்த்தார். மாமாவின் வண்டியில் வேறு யாரும் இல்லை. அம்மா பையைத் திறந்தாள். இரண்டு பாவாடை, உள்ளாடை, வேதப்புத்தகம், சீப்பு, பல் துலக்கும் பிரஷ்.

"பிரஷ்ஷை எதுக்கு எனக்கு அனுப்பியிருக்கா?" என்றாள் அம்மா.

அப்பா கையை நீட்டி அதை வாங்கினார். முட்கள் இன்னும் ஈரமாகவே இருந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

"கூப்பிடு அவளை" என்றார்.

கூப்பிட்டேன். திங்கட்கிழமை இல்லையென்றாலும் முதல் மணியிலேயே எடுத்தாள். அப்பா தொலைபேசியைத் தானே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"பை வந்துச்சு" என்றார்.

"சரிப்பா."

"பல்லு விளக்க என்ன பண்றே?"

"புதுசு வாங்கிட்டேன்."

"நல்லது. நல்லதா வாங்கு."

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. இருவரும் வைக்கவும் இல்லை. 'வா' என்று அவர் சொல்லவேண்டும், இல்லை 'வரேன்' என்று அவள் சொல்லவேண்டும். அவர் சொன்னால் அவள் கேட்டு வளர்ந்த அப்பா பொய்யாகிவிடுவார். அவள் சொன்னால் ஊரே கொண்டாடும் அவர் வாக்கைத் தட்டியவள் ஆகிவிடுவாள். ஒருவருக்காக ஒருவர் பலமாக இருந்தார்கள். அப்பா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தூங்கிப்போனார். நான் எடுத்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் அவள் இன்னும் இருந்தாள்.

"தூங்கிட்டார்க்கா" என்றேன்.

"தெரியும். குறட்டை கேட்டுட்டு இருக்கேன். வைக்காதே" என்றாள்.

அப்பா புதன்கிழமை போனார்.

அதற்கும் அக்கா வரவில்லை. "அவர் சொன்னபடியே இருந்துடறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அடக்கத்தன்று ஹாபாயில் யாருக்கோ கூரை வேய்ந்துகொண்டிருந்தாளாம்.

அப்பா செத்தால் பிள்ளைகளின் முடி அத்தைக்கு. எந்தச் சபையானாலும் எங்களில் அது மாறாது. துக்கத்துக்கு உடுத்தும் கந்தல் பாயைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, முடியை அவிழ்த்துப் போட்டு, அத்தை முன்னால் நான் தரையில் உட்கார்ந்தேன். அத்தை அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். என் முடியைக் கத்தரித்து அப்பாவின் கைக்குள் வைத்தாள்.

"மூத்தவ எங்கே?"

பிஷப்பின் மனைவி அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அத்தை கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லியிருக்கான்" என்றாள். "நாலு பேர் கூடினா பெரிய பேச்சுப் பேசுவான். சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். அதைப் போய் நம்பினீங்களா?"

ஊழியம் முடிந்து அக்கா வந்தபோது விமான நிலையத்தில் கழுத்து மறையும்வரை மாலை போட்டார்கள். ஞாயிறு அவள் சபையில் பேசினாள். எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொன்னாள். எல்லோரும் அழுதார்கள், அவளைத் தவிர. பிறகு வேறு சபைகளில் கூப்பிட்டார்கள், இளைஞர் கூட்டங்களில் கூப்பிட்டார்கள். போனாள். ஒவ்வொரு இடத்திலும் அதே வாக்கியம். அது விசுவாசமா, வெட்கமா, இரண்டும் ஒன்றாகக் கலந்ததா? எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். இதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவளே பாயைச் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். முடியை அவிழ்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அத்தை டீயை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"அழு" என்றாள்.

அக்கா பாயை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"என் தம்பி செத்துட்டான். அழுடி."

"அப்பா என்னைக் கடவுளுக்குக் குடுத்தார் அத்தை" என்று அக்கா தொடங்கினாள். மேடையில் பேசுகிற அதே குரல். "குடுத்ததைப் பாதியில—"

அத்தை கத்தரிக்கோலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

"போ. இதையெல்லாம் உங்க சர்ச்சுல சொல்லு. அழுகை வந்தா வா."

அடுத்த மாதம் அக்கா ஆக்லாந்து போனாள். முதியோர் இல்லத்தில் வேலை. நடக்க முடியாத கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள். அவளைத்தான் எல்லோரும் கேட்கிறார்களாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நடையைக் கேட்டே நான்தான் என்று கண்டுபிடிப்பாள்.

"வர்றாளா?"

"இந்த வருஷம் லீவு இல்லையாம் அத்தை."

"சொல்லு அவகிட்ட. அந்த முடி அவளோடது இல்லை, என் தம்பிக்குச் சேர வேண்டியது. எத்தனை வருஷமா தலையில சுமந்துட்டுத் திரியறா?"

சொன்னேன். போன மாதம் அந்த இல்லத்தில் யாரோ எடுத்த படம் ஒன்று வந்தது. ஒரு கிழவரின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். கொண்டை அவிழ்ந்திருக்கிறது. முடி இடுப்பைத் தாண்டிவிட்டது.