பார்லாம் மிஸ்

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவர் பிரெஞ்சு ஆசிரியை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் பார்லாம் மிஸ். பேசு என்கிற பிரெஞ்சு வினையை, "ஜ பார்லே, த்யு பார்லா, இல் பார்லா, நூ பார்லாம்" என்று வகுப்பு முழுவதையும் கோரஸாகக் கத்த வைப்பார். நான் பேசினேன், நீ பேசினாய், அவன் பேசினான், நாங்கள் பேசினோம். இதில் வேடிக்கை என்னவென்றால் பிரான்ஸில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. வாயால் பேச அவர்களுக்கு வேறொரு இறந்தகாலம் இருக்கிறது. இது கதைப் புத்தகத்துக்கென்று எடுத்து வைத்த இறந்தகாலம். ராஜா வந்தான், ராணி அழுதாள், கப்பல் மூழ்கியது என்று எழுத மட்டும்தான் ஆகும். பேசுவதற்கே உதவாத இந்தக் காலத்தில் பேசு என்ற வினையைச் சொல்லிக்கொடுத்துத்தான் அவர் தலை நரைத்தது. கேட்டால், பரீட்சையில் வருகிறதே என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

காலையில் பள்ளிக்கூடம். சாயங்காலம் டயர் கடைக்கு மேல் மாடியில் டியூஷன் சென்டர். நடுவில் உள்ள நேரத்தில் பேருந்து நிறுத்தம் வரை நடப்பார். ஒரு தோளில் விடைத்தாள் கட்டு, மறு கையில் வெந்நீர் பிளாஸ்க். தொண்டைத் தண்ணி வற்றக் கத்திக் கத்திக் குரல் தேய்ந்துவிட்டது. கால் வீங்கிப் போய்ச் செருப்பின் வார் சதையில் பதிந்திருக்கும். அக்கடா என்று ஒரு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. ஞாயிற்றுக்கிழமை படுத்தால், திருத்தாத தாள்கள் கட்டிலுக்குக் கீழே கிடப்பது முதுகில் உறுத்தும்.

மகளோடு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் பிரெஞ்சு பேச ஆளில்லையே என்ற ஏக்கத்தில் அவரே உண்டாக்கியது. மகள் சின்னவளாக இருந்தபோதே, அன்றைக்கு நடந்ததை ராத்திரி சாப்பாட்டின்போது பிரெஞ்சில் சொல்ல வேண்டும், அதுவும் இந்தக் கதைக் காலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார். 'ஒரு பெண் இருந்தாள்' என்று ஆரம்பிக்க வேண்டும். ஒரு பெண் பள்ளிக்கூடம் போனாள், ஒரு பெண் பென்சிலைத் தொலைத்தாள். சில நாள் அலுத்துப் போய், அந்தப் பெண் காட்டில் புலியைக்கூடப் பார்த்தாள். எது நடந்தது, எது கற்பனை என்று அம்மா விசாரிக்க மாட்டார். வினையின் வால், அந்தக் கடைசி ஒலி, சரியாக இருந்தால் போதும். தப்பினால் 'ம்ஹும்' என்பார். மகள் நின்று, திருத்தி, மேலே போவாள்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாது. தட்டில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பார். முடிந்ததும், "என்ன சொல்றா உன் பொண்ணு?" என்பார்.

"ரெண்டு தப்பு விட்டா," என்பார் டீச்சர்.

"அது சரி. என்ன சொன்னா?"

டீச்சர் அதற்குள் பாத்திரம் எடுத்துப் போட எழுந்திருப்பார். அப்பா மகளிடம் கேட்டுக்கொள்வார். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் மகள் பழக்கத்தை விடவில்லை. அம்மா பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் நேரம் பார்த்துத் தினமும் போன் செய்வாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா எல்லாம் தமிழில். பிறகு ஒரு பெண்ணின் கதை பிரெஞ்சில். நாளெல்லாம் தப்பும் தவறுமாகக் கேட்டுக் காது புளித்துப் போன டீச்சருக்கு, சுத்தமாக ஒருத்தி பேசிக் கேட்பது அந்த ஐந்து நிமிஷம்தான். அதில்தான் அவர் கொஞ்சம் இளைப்பாறினார். அதைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அன்றைக்குப் பரீட்சைக்கு முதல் நாள். காலையிலிருந்து ஐந்து வகுப்பு. குரல் பாதி கட்டிவிட்டது. போன் வந்தது.

மகள் சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பிரெஞ்சுக்குப் போனாள். ஒரு பெண் பெட்டியை எடுத்தாள். கணவன் வெளியே போகிறவரை காத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். தோழி வீட்டுக்கு வந்தாள். கடைசி வினையில் சறுக்கினாள். 'வந்தாள்' என்பது பிரெஞ்சில் கொஞ்சம் முரட்டு வினை, எல்லோரும் சறுக்குகிற இடம்.

"ம்ஹும்," என்றார் டீச்சர்.

பிறகு மகள் திருத்திச் சொன்னாள்.

"சரி. நல்லா சொன்ன. பஸ் வந்துருச்சு, வச்சிடறேன்."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கண் சொருகிவிட்டது.

டியூஷன் சென்டரில் எட்டுப் பேர் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர், வெளிநாட்டு வேலைக்காக மொழி படிக்கும் ஒரு நர்ஸம்மா. கீழே டயரைத் தட்டுகிற சத்தம். கரும்பலகையில் எழுத ஒரு உதாரணம் வேண்டும். யோசிக்கத் தெம்பில்லை. காதில் மிச்சமிருந்த மகளின் நான்கு வாக்கியங்களையும் அப்படியே எழுதிப் போட்டு, வினைகளின் கீழ் கோடு இழுத்து, "சொல்லுங்க," என்றார். பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள். பெட்டியை எடுத்தாள், காத்திருந்தாள், சாத்தினாள், வந்தாள்.

நர்ஸம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. டியூட்டி முடிந்து நேராக வந்த களைப்பு. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மிஸ், இந்தப் பொண்ணு ஏன் புருஷன் வெளியே போற வரைக்கும் காத்திருந்தா?" என்று கேட்டார்.

"அது சும்மா ஒரு உதாரணம்மா."

"இல்ல மிஸ், எங்க வார்டுக்கு இப்படி வருவாங்க. கையில ஒரு பெட்டியோட. அதான் கேட்டேன். என்ன ஆச்சு அவளுக்கு?"

டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். தன் கையெழுத்துத்தான். முதல் வார்த்தையிலிருந்து வாசித்தார். வாலை விட்டுவிட்டு வாசித்தார். சாக்பீஸை மேஜையில் வைக்கப் போய்க் கீழே போட்டுவிட்டு, படிக்கட்டுக்கு வந்து போனை எடுத்தார். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். இந்தத் தடவை மகள் எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"சொன்னேனேம்மா. ஃப்ரெண்டு வீட்ல."

"நீ கதை சொல்றேன்னு நினைச்சேன்டி."

"தெரியும்."

"தமிழ்ல சொல்லக் கூடாதா? ஒரு வார்த்தை, அம்மா இந்த மாதிரின்னு?"

"தமிழ்ல வரலம்மா. ஆரம்பிச்சா தொண்டைய அடைக்குது. அதுல சொன்னா யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு, சொல்லிட முடியுது." மகளின் குரல் அலுத்திருந்ததே தவிர, கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அடிச்சானா?"

"போன மாசமே சொன்னேன்."

"எப்பச் சொன்ன? எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ."

"'அவன் அவளை அடித்தான்'னு பிரெஞ்சுல சொன்னேன்மா. முடிவுல 'ஆ' போட்டுட்டேன். நீ, 'ஆ இல்ல, இ'ன்னு திருத்தின. நான் 'இ' போட்டுச் சொன்னேன். 'நல்லா சொன்ன'ன்னு போனை வச்சிட்ட."

டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கீழே ஒருவன் டயரை உருட்டிக்கொண்டு போனான். மாடியில் பிள்ளைகள், மிஸ் இல்லாவிட்டாலும் பரீட்சை இருக்கிறதே என்று, தாங்களாகவே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீ அங்கேயே இரு. நான் கிளம்பி வர்றேன்."

"நாளைக்கு உனக்குப் பரீட்சை டியூட்டி."

"இருக்கட்டும்."

"வந்து என்னம்மா பண்ணப் போற?"

"வர்றேன்டி," என்றார் மறுபடி.

நர்ஸம்மாதான் பையையும் பிளாஸ்க்கையும் கொண்டுவந்து கொடுத்தார். விடைத்தாள் கட்டு வேண்டாம் என்று டீச்சர் கையைக் காட்டினார். அந்த அம்மா மேலே போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்தத் தடவை கண் சொருகவில்லை. கல்யாணமானதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒரு பெண் ஜன்னல் பக்கத்தில் எதையோ செய்தாள், அதில் காலத்தைத் தப்பாகச் சொன்னாள். ஒரு பெண் எதையோ மறைத்தாள், அது சரியாக இருந்தது. ஒரு பெண் ஓடினாளா, விழுந்தாளா, தெரியவில்லை, ஆனால் அதில் முடிவை விழுங்கிவிட்டாள், அவர் இரண்டு தடவை சொல்ல வைத்தார். எந்த நாள் எந்த வினையில் சறுக்கினாள் என்பதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. என்ன நடந்தது என்பது ஒன்றுகூட வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்க்காமல் அழுதார்.

நன்றாக இருட்டிய பிறகு பேருந்து மகளின் ஊரைத் தொட்டது. மகள் தோழியோடு நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தாள். துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்து விட்டிருந்தாள். டீச்சர் இறங்கிப் பக்கத்தில் போய் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றார். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. மகளுக்குக் கேட்கவில்லை. அவள் குனிந்து, "என்னம்மா சொன்ன?" என்று கேட்டாள்.