இன்ஜினுக்குள் ஒரு செருமல்

ஒர்க்‌ஷாப் தெருவில் அந்த மெக்கானிக்குக் 'காது' என்றே பேர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் முனகுகிறது என்று பிட்டுப்பிட்டு வைத்துவிடுவார். "ஊரான் வண்டி முனகினா கேக்கும், பொண்டாட்டி கத்தினா கேக்காது" என்பாள் மனைவி.

ஒருநாள் காலையில் டீச்சரம்மா தன் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடமாக அந்தக் காருக்குக் காதுதான் மெக்கானிக். டீச்சரம்மாவின் கணவர் வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அண்ணே, இந்த சிந்தடிக் ஆயிலை ஊத்திடுங்க" என்று ஒரு கேனை நீட்டினார்.

"கிழட்டு இன்ஜின்மா. சாதா ஆயிலுக்கே பழகிடுச்சு. இது உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவிடும், அப்புறம் பழைய சீல் வழியா கசியும். எதுக்கு வம்பு?"

"கசிஞ்சா கசியட்டும். சத்தம் குறையுமில்ல?"

"கொஞ்சம் குறையும்."

"அப்ப ஊத்துங்க."

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்றினார். தேன் நிறத்தில் இறங்கியது. ஸ்டார்ட் செய்ததும் தடதடப்பு மெல்ல அடங்கியது. ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார்.

வால்வு தட்டவில்லை. பேரிங் முனகவில்லை. அந்த அமைதிக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு தடவை. சற்று இடைவெளி. மறுபடி இரண்டு தடவை.

பேச வாயெடுக்கும் முன் டீச்சரம்மாவின் கணவர் அப்படித்தான் செருமுவார்.

"கேக்குதா?" என்றார் பின்னால் நின்ற டீச்சரம்மா. குரலில் பயமே இல்லை. "இரைச்சல்ல எனக்குச் சரியா பிடிபடல. அதான் ஆயிலை மாத்தச் சொன்னேன். ரெண்டு வருஷமா செருமிக்கிட்டே இருக்காருண்ணே. பேச்சைத்தான் காணோம்."

"ஏதாவது லூசா இருக்கும்மா" என்று மழுப்பினார் காது.

நாலு மாதம் கழித்து போன் வந்தது. "பேசிட்டாருண்ணே. நீங்களும் ஒருவாட்டி வந்து கேளுங்க."

மனசு வேண்டாம் என்றது, கால் கேட்கவில்லை. டீச்சரம்மா வீட்டு ஷெட்டில் நடுப்பகல் வெயில் பளீரென்று விழுந்திருந்தது. கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. காது ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டார். செருமல். பிறகு, களைத்த குரலில், தெளிவாக:

"போதும். நிறுத்து."

காது கார் கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்க்ரூடிரைவரை ஊன்றியபோது இரும்பு வழியே நீளமாக ஒரு மூச்சு வந்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

"நிறுத்தச் சொல்றாரும்மா" என்றார் காது.

"எனக்கும் அதான் கேட்டுச்சு." டீச்சரம்மா தலை குனிந்தார். "எனக்குத்தான் மனசு வரல."

அன்றைக்கே பேட்டரியைக் கழற்றினார்கள். ஆயிலையும் வடித்தார்கள். நாலு மாதம் தினமும் ஓடிய இன்ஜினிலிருந்து கன்னங்கரேலென்று வரவேண்டிய ஆயில், ஊற்றிய அன்றிருந்த தேன் நிறத்திலேயே வந்தது. காது அதை விரலால்கூடத் தொடவில்லை.

அவர் இன்றும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறார். ஆயில் மாற்றி முடித்ததும் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்காமலே பானெட்டைச் சாத்திவிடுகிறார்.