சிவகலாவின் வெறும் வயிறு

சுவிஸில், ஓல்டன் நகர முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் சிவகலா குடிப்பாள் என்றால் பக்கத்துத் திரிம்பாக் அம்மன் கோயிலில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வைன் போத்தலைச் சலவைத்தூள் பெட்டிக்குப் பின்னால் ஒளித்த கெட்டித்தனத்தை வேறெதிலாவது காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பாள். கணவர் குகதாசன் கண்டுபிடித்த பிறகுதான், 2017இல், சிகிச்சைக்குப் போகத் தொடங்கினாள். அவரோ கிளினிக் தெருமுனையில் இறக்கிவிடுவதோடு சரி. யாராவது கேட்டால், தனக்கிருக்கும் சர்க்கரை வருத்தத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்து, "அவவுக்குக் கொஞ்சம் சுகர்" என்பார்.

சிவகலா அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. சாமான் வாங்குவதும் மிக்ரோஸ் கடையில்தான். அங்கே மது விற்பதில்லை.

குடியை விட வருகிற எல்லோருக்கும் அந்தக் கிளினிக்கில் கல்லீரலைச் சோதிப்பார்கள். அது வலிக்காமலே கெட்டுப்போகுமாம். விலாவில் கருவியை வைத்துத் தட்டினால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் வயிற்றோடு வர வேண்டும். வெள்ளி மத்தியானம் சோதனை. பயந்துபோன சிவகலா கோயிலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே வந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று தாதி மோனிக்கா டொச் மொழியில் கேட்டாள்.

"இல்லை." மனமறிந்து அவள் பொய் சொல்லவில்லை.

கருவியில் எண் மோசமாக வந்தது. கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கலாம், டொக்டர் பார்க்க வேண்டும் என்று மோனிக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு எதற்காக வாயைக் கட்டுவது? சிவகலா மிக்ரோஸைத் தாண்டி அடுத்த கடைக்குள் போனாள். பழகிய சிவப்பு வைனை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். வங்கி அட்டைக்காகக் கைப்பையைத் துழாவியபோது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. குகதாசனுக்கென்று கோயிலில் வாங்கிய பொங்கல் பிரசாதம், சர்க்கரைப் புக்கை.

தன் பங்கை அவள் கோயிலிலேயே நெய் வழியச் சாப்பிட்டிருந்தாள். பிரசாதத்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? போத்தலைக் கிடைத்த தட்டில் வைத்துவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினாள்.

மோனிக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சாப்பிட்டால் எண் ஏறும். திங்கள் காலை வாருங்கள். கடவுள் தந்தாலும் வாங்காதீர்கள்!"

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள், போத்தலை எடுத்ததையும். குகதாசன் அவள் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் தெருமுனையில நிண்டது பிழை. திங்கள் உள்ளுக்கு வாறன்."

"தெரிஞ்ச ஆக்கள் கண்டால்?"

"காணட்டும்."

திங்கள் எண் இறங்கியது. தழும்பு தொடங்கியிருக்கிறது, ஆனால் குடிக்காமல் இருந்தால் ஆற இடமுண்டு என்றாள் மோனிக்கா. சிவகலா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

வெளியே, ஆட்கள் நிறைந்த காத்திருப்பு அறையின் நடுவில், குகதாசன் இடியப்பப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகம் வாடியிருந்தது.

"நீங்கள் காலமை சாப்பிடேல்லையோ?"

"உமக்கு வெறும் வயிறு எண்டால் எனக்கும் அதுதான்."

"சுகர்காரர் பட்டினி கிடக்கிறதோ!" என்று ஏசியபடி, முதல் வாயை எல்லோரும் பார்க்க அவருக்கே ஊட்டினாள்.