தெறிக்காத வளையம்

எங்கள் கல்லூரி வேதியியல் கண்காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. மதுரையிலிருந்து வரவிருந்த பேராசிரியர், நன்றாகச் செய்து காட்டும் ஒருவரைக் கோடை விடுமுறைக்குத் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். என் லீவெல்லாம் அம்மாவோடு பட்டாசு கம்பெனி வேனில் ஏறிப்போய்ப் பெட்டி ஒட்டியே தீர்ந்துகொண்டிருந்தது.

மூலக்கூறு மாதிரியாகத் தென்னை ஈர்க்குகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் கோத்து ஒரு நீளச் சங்கிலி செய்திருந்தேன். மூன்று ஈர்க்குகளை வளைத்துச் சேர்த்து ஒரு சின்ன வளையம். இரண்டையும் சேர்த்துக் கட்டி இழுத்தால் வளையம்தான் முதலில் தெறிக்கும். மூலக்கூறும் அப்படித்தான். வளைந்து, இறுகித் தவிக்கும் பிணைப்பு கொஞ்சம் இழுத்தாலே விட்டுவிடும். எங்கே உடைய வேண்டுமென்று வடிவத்தை வைத்தே நாம் முடிவு செய்யலாம். வீட்டில் இழுத்துப் பார்த்தபோது ஒரு ஈர்க்கு தெறித்து அம்மாவின் சோற்றுத் தட்டில் விழுந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கண்காட்சியன்று காலையில் துறைத்தலைவர் மேடம் வளையத்தைத் தொட்டார். பட்டென்று கழன்றது.

"என்ன பிள்ள, இம்புட்டு லட்சணமாவா செஞ்சிருக்க? வர்றவுக முன்னால கழண்டா யாருக்கு அசிங்கம்?"

"கழலத்தான் மேடம் வேணும்..."

எங்கே கேட்டார்! நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வளையத்துக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். கர்மம், பெயின்ட் மட்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

பேராசிரியர் வந்தார். விளக்கிவிட்டு இழுத்தேன். வளையம் கல்லாக நின்றது. சங்கிலி பிய்ந்தது.

"நீ சொன்னதுக்கு நேர்மாறா இருக்கேம்மா?"

வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு பசை. "சார், இதுல பசை போட்டுட்டாங்க!" என்றேன்.

"பயத்துல என்னமோ உளறுது சார்" என்று மேடம் சிரித்தார். சீ, அந்தச் சிரிப்பு!

பேராசிரியர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அங்கே சோடா உப்பும் வினிகரும் ஊற்றி நுரை கக்க வைத்த எரிமலைக்கு அந்த ஆய்வக இடம் போனது. எனக்கு, 'உறுதியான மாதிரி' என்று ஆறுதல் பரிசாக ஒரு டைரி. கைதட்டல் வேறு. தூ!

சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கி வந்தாள். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் இன்னும் மினுங்கியது.

"ஏத்தா, நல்லா தெறிச்சுச்சா?"

"இல்லம்மா. தெறிக்கவே இல்ல."

டைரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இத எதுக்குக் குடுத்தாக?"

லீவு விட்ட மறுநாள் இரண்டு பேருமாக வேனில் ஏறினோம்.