வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு சர்வைவல்

ஒன்றரை வருடம் நான் பார்த்த வேலையை அம்மாவுக்குக் கடைசிவரை விளக்க முடியவில்லை. சித்தூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது விசாரித்தால், "ஏதோ கேம்ப்புல டீச்சரா கீறா" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பைத் தேடுவாள்.

பிச்சாட்டூர் அணைக்கு அருகே இருந்தது அந்த முகாம். சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து நாள் கூடாரத்தில் தங்கி இயற்கையோடு வாழ்ந்துவிட்டுப் போவார்கள். தாவரவியல் படித்திருந்த எனக்குச் செடிகொடிகளை அடையாளம் காட்டும் பொறுப்பு. முகாமை நடத்தியவர் ஹைதராபாத்காரர். நிறைய மலை ஏறியவர், நல்ல மனிதர், சிரிக்கவே மாட்டார்.

நான்காம் நாளுக்குப் பெயர் 'சர்வைவல்'. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் பொழுது சாயும்வரை உணவு கிடையாது. காட்டில் கிடைப்பதைத் தின்று சமாளிக்க வேண்டும். கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு, தின்னக்கூடிய செடிகளின் படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவோம். நான் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு புதருக்குப் பின்னால் ஒளிந்தபடியே அவர்களைத் தொடர்ந்து போய் மதிப்பெண் போடுவேன். பாம்போ தண்ணீரோ உயிருக்கு ஆபத்தாக வந்தால் மட்டும் விசில் ஊதலாம். மற்றபடி என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த முறை பதினெட்டுப் பேர். பத்து மணிக்கெல்லாம் இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் ஓர் உயரமான பையன் அட்டையிலிருந்த தகரைக் கீரையின் படத்தையும் எதிரே பச்சைப்பசேல் என்று கிடந்த செடிகளையும் மாறிமாறிப் பார்த்தான். இலை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பிடித்து இழுத்தான். செடி வேரோடு வந்தது. வேரில் கொத்தாகக் காய்கள்.

"டேய், இது வேர்க்கடலை மாதிரியே இருக்குடா."

"வேர்க்கடலை மரத்துலதானே காய்க்கும்?" என்றான் இன்னொருவன். முந்திரியோடு குழப்பிக்கொண்டிருந்தான். பசியில் யாரும் அவனைத் திருத்தவில்லை.

"நேச்சர் நமக்குக் குடுக்குது!" என்று ஒரு பெண் கத்தினாள். பதினெட்டுப் பேரும் கொல்லைக்குள் இறங்கினார்கள். செடிகள் வரிசை வரிசையாக இருந்ததோ, ஓரத்தில் மோட்டார் ஷெட் நின்றதோ ஒருவர் கண்ணிலும் படவில்லை. விசிலை வாய்வரை கொண்டுபோனேன். பாம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. 'குழுவாகச் செயல்படுதல்: 5' என்று எழுதினேன்.

ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா அரிவாளோடு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை.

"யார்ரா அது, செடிய புடுங்கறது?"

"ஆண்டி, நாங்க சர்வைவல்ல இருக்கோம்" என்றான் உயரமான பையன், வாயில் கடலையோடு.

"எந்த ஊர்ரா அது?"

அவன் விளக்கினான். காடு, பசி, தன்னம்பிக்கை என்றெல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள். பச்சைச் சட்டை என்னைக் காப்பாற்றவில்லை.

"யாரு நீ? இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கினு கீற?"

எழுந்து நின்றேன். முழங்காலெல்லாம் முள். "நான் இவங்க டீச்சர், அக்கா."

"டீச்சரா! புள்ளைங்கள திருட உட்டுட்டு நீ எழுதிக்கினு கீறியா?"

மதிப்பெண் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதைவிடக் கேவலமான ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் இருந்ததாக நினைவில்லை.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "எப்போ துன்னீங்க?"

"நேத்து நைட்டு."

"ஏன், சோறு இல்லியா?"

"இருக்கு ஆண்டி. கேம்ப்ல நிறைய இருக்கு. ஆனா துன்னக் கூடாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் இவர்களைக் கடத்திக்கொண்டு வந்திருப்பேனோ என்ற சந்தேகம் இருந்தது. பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். "களி கிண்டு. பெரிய டபரால கிண்டு. பதினெட்டு பேரு... இல்ல, இந்த டீச்சரோட பத்தொம்போது."

அன்று அவளுக்குக் காய் பறிக்கக் கூலியாட்கள் வரவில்லையாம். அவள் முன்பே பிடுங்கிப் போட்ட செடி குவியலாகக் கிடந்தது. "களி வர்ற வரைக்கும் சும்மா குந்தாதீங்க, ஆயுங்க" என்றாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்தார்கள். மரத்தில் கடலை காய்க்கும் என்றவன்தான் எல்லோரையும்விட வேகம். "இந்த நைனாவ உட்டுட்டு போங்க" என்று அவள் அவனைக் காட்டி இரண்டு தடவை சொன்னாள். நானும் ஆய்ந்தேன்.

களியும் கடலைத் துவையலும் வந்து, எல்லோரும் உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தபோது முகாம்காரர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். ஒரு நாள் பயிற்சியே பாழாகிவிட்டது என்று தெலுங்கில் வருத்தப்பட்டார். பசி என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காகத்தானே வந்திருக்கிறார்கள் என்றார்.

"ஆகலேஸ்தே தினரா சார்?" என்றாள் அவள். பசித்தால் தின்னமாட்டார்களா என்பதுதான் அவள் கேள்வி. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "நாங்க நெலம் இல்லாம கூலிக்கு போய்க்கினு இருந்தப்போ, இவர் சொல்ற ட்ரெய்னிங் எங்க ஊட்ல தெனமும் நடந்துச்சி. யாரும் வந்து மார்க்கு போடல." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முகாம்காரர் என் மதிப்பெண் நோட்டை வாங்கிப் புரட்டினார். கேட்டு வாங்கிய சாப்பாடு காட்டில் கிடைத்ததாகுமா என்று என்னிடம் ஆங்கிலத்தில் ஆலோசனை கேட்டார். அதற்குள் அவர் கையிலும் ஒரு தட்டு வந்துவிட்டது. களியை மெல்ல ஆரம்பித்தார். "மெல்லாதீங்க, முழுங்குங்க சார்" என்று பதினெட்டுப் பேரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தார்கள்.

மாலை அறிக்கையில் 'உணவு கிடைத்த வழி' என்ற கட்டத்தில் 'கொல்லைக்கார அம்மா' என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு 'உள்ளூர் மக்களுடன் கலந்துரையாடல்' என்று திருத்தினார். அடுத்த குழுவின் கால அட்டவணையில் அது பன்னிரண்டு மணி நிகழ்ச்சியாக அச்சாகியே வந்துவிட்டது.

அதைச் சொல்லி அனுமதி வாங்க நான்தான் போனேன். அவள் கடலைக்காய் எடுத்து முடித்த கொல்லையின் வரப்பில் நின்று சேற்றுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கல்லக்கா முடிஞ்சிபோச்சி, இப்போ நாத்து நடணும்" என்றாள். "வரச் சொல்லு. பேண்ட்ட மடிச்சிக்கினு வரச் சொல்லு."